அக்காவைக் கடல்கன்னி ஆக்கிய கதை

1

இந்தக் கதை ஒரு திருட்டில் பிறந்தது. திருடியவன் நான், பறிகொடுத்தவள் என் அக்கா. திருடும்போது அது அவளுடைய பொருள் என்று எனக்குத் தெரியாது. மாட்டிக்கொண்ட எல்லாத் திருடனும் இதைத்தான் சொல்வான் என்பதால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

உலகமெங்கும் வழங்கும் கடல்கன்னிக் கதைகளைத் தொகுத்து ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தேன். வட கடல் தீவுகளில், கரையேறியதும் சீல் தோலைக் கழற்றி வைத்துவிட்டுப் பெண்ணாக நடப்பவளின் கதை. அந்தத் தோலை ஒளித்துவைத்து அவளை மனைவியாக்கிக்கொள்கிறான் ஒருவன். ஜப்பானில், மனித முகமுள்ள மீனின் இறைச்சியைத் தின்றுவிட்டு எண்ணூறு வருடம் வாழ்ந்த பெண்ணின் கதை. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், கையில் கண்ணாடியோடு வந்து செல்வம் தருகிற, கோபம் வந்தால் அதைப் பறித்துக்கொள்கிற நீர்த்தெய்வம். ஸ்லாவிய நாடுகளில், நீரில் மூழ்கி இறந்த பெண்கள் விரித்த கூந்தலோடு திரும்பி வருகிறார்கள்.

பதினொரு அத்தியாயம் மளமளவென்று ஓடியது. பன்னிரண்டாவதில் வண்டி நின்றுவிட்டது. எல்லாம் பழங்கதையாகவே இருக்கிறதே, இன்றைக்கு நடந்தது ஒன்று கிடைத்தால் தேவலை என்று தவித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் துறைமுகத்திலேயே ஒன்று கிடைத்தது. கப்பலுக்கு அடியில் மூச்சு முட்டிச் சாகக் கிடந்த ஒரு டைவரை ஒரு கடல்கன்னி வந்து காப்பாற்றினாளாம். பிழைத்தவனே சொன்னானாம்.

உடனே எழுதினேன்:

[நிலவொளியில் நனைந்த கூந்தலோடு, கடலின் ஆழத்திலிருந்து அவள் மெல்ல எழுந்து]

நிறுத்திவிட்டேன். சம்பவம் நடந்தது காலை பத்தரை மணிக்கு. நிலவுக்கு அங்கே வேலையே இல்லை.

[அவளுடைய கண்கள் கடலின் நீலத்தை]

துறைமுகத் தண்ணீர் நீலமும் இல்லை. பொரித்துப் பொரித்துக் கறுத்த எண்ணெயின் நிறம். கையை நீட்டினால் விரல் நுனி தெரியாது. இதுவும் போயிற்று.

மூன்றாவது முயற்சி எனக்கே பிடித்திருந்தது. அதை அச்சடித்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். வேலை முடிந்து வந்த அக்கா, ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே நின்றபடி படித்தாள்.

"இதுல ஒரு தப்பு இருக்குடா."

"எழுத்துப் பிழையா?"

"ஆள் பிழை," என்றாள். "அது நான்."

2

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவளும் டைவர்தான். கரைக்கு வந்து நிற்கும் கப்பல்களின் அடிப்பகுதியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்டி எடுப்பது அவள் வேலை. கரையில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து ஒரு நீண்ட குழாய் வழியாக அவளுக்குக் காற்று வரும். முதுகில் அவசரத்துக்கு ஒரு சின்ன சிலிண்டர். அந்தக் குழுவில் ஒன்பது ஆண்கள், இவள் ஒருத்தி. பதினான்கு வருடமாக.

(வீட்டில் நான் எழுத்தாளன் என்று சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்வார்கள். அக்கா என்ன செய்கிறாள் என்று கேட்டால், "துறைமுகத்துல வேலை" என்று சொல்லி அம்மா பேச்சை மாற்றிவிடுவாள். இத்தனைக்கும் எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரைப் பற்றி இருநூறு பக்கம் எழுதியிருக்கிறேன்.)

அவளைக் கதாபாத்திரமாக நினைத்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவள் அதிகம் பேசாதவள். அழுது நான் பார்த்ததில்லை. கதைக்குள் ஏதாவது ஒரு பலவீனம் வேண்டுமே என்று யோசித்து, இருட்டைக் கண்டால் பயப்படுவாள் என்று ஒரு வரி சேர்த்தேன்.

"எனக்கு எந்த இருட்டு பயம்?" என்று கேட்டாள். "தினமும் ஆறு மணி நேரம் இருட்டுக்குள்ளதான்டா இருக்கேன்."

வரியை எடுத்துவிட்டேன்.

3

நடந்தது இது. இனிமேல் அவள் சொன்னபடியே சொல்கிறேன். என் சரக்கை அடைப்புக்குறிக்குள் மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

அன்று அவளும் 'தக்கை' என்று எல்லோரும் கூப்பிடும் டைவரும் ஒரே சரக்குக் கப்பலின் அடியில் இருந்தார்கள். இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சேர்ந்த புதிதில் எவ்வளவு எடை கட்டினாலும் அவன் மிதந்துகொண்டே இருந்ததால் அந்தப் பட்டப்பெயர். தக்கை கரைச்சுவரை ஒட்டிய பக்கத்தில், அக்கா கடல் பார்த்த பக்கத்தில். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. ஆனால் கப்பலின் இரும்பு வழியாகச் சத்தம் வரும். அந்தப் பக்கம் அவன் சுரண்டுவது இந்தப் பக்கம் அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

பத்தரைக்கு அருகே ஒரு பெரிய கப்பல் கடந்து போனது. அது கிளப்பிய அலையில் இவர்களுடைய கப்பல் அசைந்து கரைச்சுவரோடு சாய்ந்தது. சுரண்டும் சத்தம் நின்றது. பிறகு இரும்பில் அடிக்கிற சத்தம். தாறுமாறாக, வேகவேகமாக.

கப்பலுக்கும் சுவருக்கும் நடுவே அவனுடைய காற்றுக்குழாய் நசுங்கிவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. அவசரச் சிலிண்டர் இருக்கிறதே, திறந்துகொள்வான் என்று நினைத்தாள். அடிக்கிற சத்தம் நிற்கவில்லை. அப்படியென்றால் சிலிண்டர் திறக்கவில்லை.

விதிப்படி இந்த மாதிரி நேரத்தில் இறங்குவதற்கென்றே கரையில் ஒரு மாற்று டைவர் தயாராக நிற்க வேண்டும். அன்று நிறுவனம் அவரை வேறு கப்பலுக்கு அனுப்பியிருந்தது. விதியில் இன்னொன்றும் இருக்கிறது: தண்ணீருக்கு அடியில் எந்த டைவரும் தன் காற்றுக்குழாயைக் கழற்றக் கூடாது. கழற்றினால் உரிமம் போய்விடும்.

அக்காவின் குழாய் அந்தப் பக்கம் வரை எட்டாது.

கழற்றினாள்.

[அந்த ஒரு கணத்தில் அவள் மனத்தில் வாழ்க்கை முழுவதும்]

"அப்படியெல்லாம் ஒண்ணும் ஓடல," என்றாள் அக்கா. "சிலிண்டர்ல எட்டு நிமிஷக் காத்து. ரெண்டு பேருக்கு நாலு நிமிஷம். பதட்டப்படறவன் ரெண்டு மடங்கு இழுப்பான். அந்தக் கணக்குதான் ஓடுச்சு."

குழாயை அங்கேயே ஒரு கம்பியில் மாட்டிவிட்டு, கப்பலின் அடிவயிற்றைக் கையால் தடவித் தடவியே மறுபக்கம் போனாள். தலைக்கு மேலே ஆயிரக்கணக்கான டன் இரும்பு. அவள் கை பட்டதும் அவன் கண்மண் தெரியாமல் அவளைப் பற்றினான். தலையுறை அவன் கையோடு வந்துவிட்டது, முடி அவிழ்ந்து தண்ணீரெங்கும் பரவியது. அவன் உதைத்த உதையில் அவள் காலில் மாட்டியிருந்த துடுப்புகளில் ஒன்று கழன்று போனது. தன் வாயிலிருந்து சிலிண்டரின் வாய்முனையை எடுத்து அவன் வாயில் திணித்தாள். அவன் இரண்டு இழுப்பு, அவள் ஒரு இழுப்பு. அவனுடைய நசுங்கிய குழாயைக் கத்தியால் அறுத்தாள். ஒற்றைத் துடுப்போடு இரண்டு கால்களையும் சேர்த்து அடித்து, வந்த வழியே அவனை இழுத்துவந்து, கப்பலின் பின்பக்கத்து ஏணியில் சாய்த்தாள்.

பிறகு திரும்பவும் உள்ளே போனாள். ஏன் என்று கேட்டேன்.

"என் குழாய் அங்கேயே தொங்குது. மேல இருக்கிறவங்க அதை இழுத்துப் பார்த்தா நான் செத்துட்டேன்னு நினைப்பாங்க. போய் மாட்டிக்கிட்டு ஒழுங்கா மேல வந்தேன்."

அவள் வருவதற்குள் தக்கை ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி சொல்லிக்கொண்டிருந்தான்: நீளக் கூந்தல், ஒற்றை வால், ஒரு கடல்கன்னி. பாவம், மூளைக்குக் காற்றுப் போகாமல் உளறுகிறான், நாளைக்குத் தெளிந்துவிடுவான் என்று அக்கா பேசாமல் இருந்தாள். ஆனால் மருத்துவமனையிலிருந்து அவன் திரும்பிய நான்காம் நாளும் அதையே சொன்னான். அதற்குள் செய்தி ஊரெல்லாம் பரவி, என் மேசைக்கும் வந்துவிட்டது.

4

கட்டுரை எழுதும் ஆசை எனக்கு இங்கே வந்தது. அடக்க முடியவில்லை, ஒரு பத்தி பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினொரு அத்தியாயத்தையும் திரும்பப் படித்தேன். இத்தனை கரைகளில், இத்தனை நூற்றாண்டுகளாக, தண்ணீருக்குள் ஒரு பெண்ணைக் கண்டதாக ஆண்கள் சொல்லியிருக்கிறார்கள். பாடினாள், மயக்கினாள், இழுத்துக்கொண்டு போனாள், கரை சேர்த்தாள். கடல்பசுவைப் பார்த்து ஏமாந்திருப்பார்கள் என்று அறிஞர்கள் சிலர் சொல்கிறார்கள். அந்த ஆண்களில் எத்தனை பேர் ஒரு பெண்ணை, வெறும் பெண்ணை, வேலை செய்கிற பெண்ணைப் பார்த்திருப்பார்கள் என்று யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. என் வீட்டிலேயே ஒருத்தி தினமும் உப்பு வாடையோடு வந்து சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தும் எனக்குத் தோன்றவில்லை.*

* இந்தப் பத்தியை அக்கா படித்தாள். "நல்லாருக்கு. ஆனா நான் உனக்கும் சேர்த்துதானே சோறு போட்டேன்? அதையும் எழுது," என்றாள். எழுதிவிட்டேன்.

5

நிறுவனம் ஒரு விசாரணை வைத்தது. அறிக்கையை முன்பே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள்: "பாதிக்கப்பட்டவர் தானாகவே மேலே வந்து சேர்ந்தார்." கடல்கன்னிக் கதை அவர்களுக்கு வசதியாக இருந்தது. தெய்வம் காப்பாற்றிய இடத்தில் மாற்று டைவர் எங்கே போனார் என்று யார் கேட்கப் போகிறார்கள்?

தக்கையை நான் முதலில் வில்லனாகத்தான் எழுதியிருந்தேன். ஒரு பெண் காப்பாற்றினாள் என்று சொல்ல வெட்கப்பட்டு, பாதி மீனாக்கி மானம் காத்துக்கொண்டான் என்று இரண்டு பக்கம் விளாசியிருந்தேன். அந்தப் பக்கங்களைக் கிழிக்க வேண்டியதாயிற்று. ஏனென்றால், விசாரணை அன்று அக்காவுக்குத் துணையாகப் போய் அலுவலகத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தபோது நானே காதால் கேட்டது இது.

"உனக்குத் தெரியும்ல, அது நான்தான்னு?" என்று கேட்டாள் அக்கா.

தக்கை தரையைப் பார்த்தான். "தெரியாம என்ன. உன் கத்தியில சிவப்பு டேப்பு சுத்தியிருக்கும். குழாயை அறுக்கும்போது முகத்துக்கு நேரா அதைப் பார்த்தேன்."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னே?"

"வேற என்னத்தச் சொல்ல? நீ குழாயைக் கழட்டினேன்னு தெரிஞ்சா உரிமம் போயிடும். என் உயிரைக் காப்பாத்தினவ பொழப்புல நானே மண்ணைப் போடணுமா? ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டே யோசிச்சேன். வாய்க்கு வந்தது அதுதான். பைத்தியக்காரன்னு எல்லாரும் சிரிக்கிறாங்க. சிரிச்சிட்டுப் போகட்டும்."

அக்கா அவன் பக்கம் திரும்பினாள். அவள் கண் கலங்கியதோ என்று எனக்குச் சந்தேகம். (கலங்கவில்லை என்கிறாள். விட்டுவிடுகிறேன்.)

"நீ நல்லவன்தான்," என்றாள். "ஆனா அந்த நாலு நிமிஷம் நான் செஞ்ச வேலை என் பதினாலு வருஷ வேலையிலேயே பெரிய வேலை. அதை ஒரு மீனுக்குத் தூக்கிக் கொடுக்க மாட்டேன்."

எழுந்து உள்ளே போனாள். பின்னாலேயே தக்கையும் போனான். கண்ணாடிக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே நடந்ததை இருவரும் சொன்னதிலிருந்து எழுதுகிறேன்.

பாதுகாப்பு அதிகாரி கையெழுத்துப் போடச் சொல்லித் தாளை நகர்த்தினார். அக்கா பேனாவை எடுக்கவில்லை.

"இது தப்பு சார். அவர் தானா வரல. நான் இழுத்துட்டு வந்தேன்."

"யார் பண்ணினா என்னம்மா? உயிர் பிழைச்சுதே, அது போதாதா?"

"போதாது சார்."

"நீங்க குழாயைக் கழட்டினீங்கன்னு எழுத வேண்டி வரும். விளைவு தெரியுமில்ல?"

"தெரியும். எழுதுங்க. மாத்து ஆள் கரையில இல்லைங்கிறதையும் அதுக்குக் கீழேயே எழுதுங்க."

அதிகாரி தக்கையைப் பார்த்தார். தக்கை நிமிர்ந்து உட்கார்ந்து, கடல்கன்னி பொய் என்றும், தன்னைக் காப்பாற்றியது இவள்தான் என்றும், வேண்டுமானால் தன் உரிமத்தையும் சேர்த்துப் பிடுங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னான். முதல் தாள் கிழிந்து குப்பைக்கூடைக்குப் போனது.

6

முடிவுகள். இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன்.

(அ) அவளுடைய துணிச்சலைக் கண்டு நிறுவனம் மெய்சிலிர்த்து அவளைக் குழுத் தலைவியாக ஆக்குகிறது. "யாரு, அவங்களா?" என்று சிரித்தாள் அக்கா.

(ஆ) உரிமத்தை இழந்த அவள், தலை நிமிர்ந்து கடலைத் திரும்பிப் பார்க்காமல் நடந்து போகிறாள். "நான் எதுக்குப் போகணும்? எனக்கு வேலை இருக்கு."

உண்மையில் வந்தது இது. உரிமம் மூன்று மாதம் நிறுத்தம். மாற்று டைவர் கரையில் இல்லாமல் இனி யாரையும் இறக்கக் கூடாது என்று நிறுவனத்துக்குத் துறைமுக நிர்வாகத்திடமிருந்து எழுத்துமூலம் உத்தரவு. பாராட்டும் தண்டனையும் ஒரே தாளில்: "உடன் பணிபுரிந்த பெண் டைவர், விதியை மீறித் தன் காற்றுக்குழாயைக் கழற்றி, சக ஊழியரின் உயிரைக் காப்பாற்றினார்." அந்தத் தாளை அக்கா ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அம்மா, "என் பொண்ணு செஞ்சது, படிச்சுப் பாருங்க," என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். சத்தமாக வாசிக்கவும் சொன்னாள். 'விதியை மீறி' என்ற இடத்தில், கூடவே வாசித்த அம்மாவின் குரல்தான் எல்லோருடையதையும் விட உயர்ந்தது.

நான் பன்னிரண்டாவது அத்தியாயத்தைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

7

மூன்று மாதம் முடிந்த அன்று காலை நானும் துறைமுகத்துக்குப் போனேன். முதல்முறையாக. வெட்கமாகத்தான் இருந்தது. அக்கா ஏணியில் இறங்கினாள், தலை மறைந்தது, குமிழிகள் வந்தன. புது உத்தரவுக்குப் பிறகு அவள் இடுப்பில் கட்டத் தொடங்கிய கயிற்றின் மறுமுனையைக் கரையில் பிடித்துக்கொண்டிருந்தது தக்கை. கீழே இருப்பவர்கள் அந்தக் கயிற்றை இழுத்துத்தான் பேசுவார்களாம்.

அரை மணி நேரம் ஆயிற்று. கயிறு ஒருமுறை துடித்தது.

"என்ன சொல்றா?" என்று பதறிக் கேட்டேன்.

தக்கை கயிற்றை விடாமல் என்னைத் திரும்பிப் பார்த்தான். "வேலை நடக்குது, தொந்தரவு பண்ணாதீங்கன்னு சொல்றா."

எப்போது மேலே வருவாள் என்று கேட்டேன். அது அவளுக்குத்தான் தெரியும் என்றான்.

அதனால் இதை இங்கேயே விடுகிறேன். அவள் கப்பலில் இன்னும் பாதிக்கு மேல் பாக்கியிருக்கிறது. எனக்கு ஒரு கடைசி வரி வேண்டும் என்பதற்காக அவளை மேலே இழுக்கக் கூடாது. நீங்கள் காத்திருப்பதானால் கப்பலின் கயிறு கட்டும் அந்த இரும்புக் குமிழ்மேல் உட்கார்ந்துகொள்ளுங்கள். வெயில் கொஞ்சம் அதிகம்தான். அவள் வந்ததும் என்ன நடந்தது என்று அவளிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.