பத்து மணி வண்டி

ஊரில் பாதிப் பேர் ஏர்போர்ட், பாஸ்போர்ட், கேட், டிபார்ச்சர் என்று இங்கிலீஷ் படித்தது ஊரை விட்டுப் போவதற்கு. அதே வார்த்தைகளை ஊரிலேயே இருப்பதற்காகப் படித்தவள் நான் ஒருத்திதான். சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டுமே. எங்கள் ஊர் ஷ்கோத்ராவில் என் வேனில் ஏறாத குடும்பம் கிடையாது. சிரிக்கிறவர்களும் நாளைக்கு என்னிடம்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும்.

என் பெயர் தீலா. ஷ்கோத்ராவுக்கும் ஏர்போர்ட்டுக்கும் நடுவே வேன் ஓட்டுகிறேன். எங்கள் வேன்களுக்கு நேரம் என்று ஒன்று இருந்ததே இல்லை. ரவுண்டானா ஓரமாக நிறுத்திக்கொண்டு, "ஏர்போர்ட், ஏர்போர்ட்!" என்று தொண்டை கிழியக் கத்துவோம். ஆள் நிரம்பினால் வண்டி கிளம்பும். யாராவது போன் போட்டு "தோ வந்துக்கிட்டே இருக்கேன்" என்றால் நிற்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் முணுமுணுக்க மாட்டார்கள். போன வாரம் அவர்களுக்காக வேறு யாரோ அப்படி உட்கார்ந்திருந்தார்கள் அல்லவா?

அதற்கும் வந்தது வேட்டு. ஊருக்கு வெளியே கண்ணாடியும் இரும்புமாகப் புதிதாக ஒரு பஸ் டெர்மினல் கட்டினார்கள். வேன்கள் இனி அங்கிருந்துதான், குறித்த நேரத்தில்தான் போக வேண்டுமாம். ஏர்போர்ட் வண்டிகளில் கோடை முழுக்க வெளிநாட்டுக்காரர்கள் வருவதால், அதை ஓட்டுபவர்களுக்கு இங்கிலீஷில் ஒரு தேர்வு. தேறினால் அட்டை. அட்டை இல்லாத வண்டி உள்ளே நுழைய முடியாது.

இந்தச் செய்தியை நான் வீட்டில் சொன்ன அன்றைக்கே, என் புருஷன் பிரெங் ஊரை விட்டுப் போகும் பேச்சை எடுத்துவிட்டான். பிரெங் ரொட்டிக்காரன். கோழி கூவுவதற்கு முன்னால் எழுந்து அடுப்பு மூட்டிப் பழகியவன். வாழ்நாளில் எதற்கும் தாமதமாக வந்ததில்லை. எங்கள் கல்யாணத்துக்குக்கூட பாதிரியாருக்கு முன்னாலேயே வந்து தேவாலயப் படியில் உட்கார்ந்திருந்தான். போன வருடம் பேக்கரி முதலாளி அடுப்பை இடித்துவிட்டு டூரிஸ்ட்டுகளுக்கு அறை கட்டினார். அதிலிருந்து இவன் வீட்டில்தான். வழக்கம்போல இருட்டிலேயே எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் சமையலறையில் நாற்காலியைத் தரையில் இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டிருப்பான். அந்தச் சத்தத்தைக் கேட்டால் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொள்வேன்.

"என் தம்பி மால்டாவுல கூப்பிடறான் தீலா. ஓட்டல் சமையக்கட்டுல வேலை. உனக்கும் இருக்காம், துணி மடிக்கிற வேலை."

"துணி மடிக்கவா? நானா? நம்ம வீட்டுத் துணியையே நான் மடிச்சதில்ல, நீதான மடிக்கிற!"

"வெளையாடாத. வேனை வித்துட்டு ரெண்டு பேரும் போயிடலாம். இந்தப் பரீட்சையெல்லாம் உனக்கு வராது."

வராது என்று என்னிடம் சொல்லலாமா? "தேறிட்டா?" என்றேன்.

"தேறிட்டா இங்கயே இருப்போம். தேறலைன்னா வேனை விக்கறோம். வாக்கு."

"வாக்கு," என்று கையை நீட்டினேன். எங்கள் ஊரில் கை கொடுத்து வாக்கு சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை.

இங்கிலீஷ் வகுப்பு, பள்ளிக்கூடம் விட்டபிறகு பிள்ளைகளின் பெஞ்சுகளிலேயே நடந்தது. டீச்சர் எர்மிரா சின்னப் பெண். பலகையில் படம் ஒட்டி வார்த்தை சொல்லிக்கொடுப்பாள். ஒரு பக்கம் நாங்கள் டிரைவர்கள், இன்னொரு பக்கம் வெளிநாடு போகிறவர்கள். பிரெங்கும் அந்தப் பக்கம் ஒரு நோட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டான்! பஸ் ஸ்டாப், பிளாட்ஃபார்ம், லக்கேஜ், ஹார்பர், கேட், டிலே. நான் வார்த்தைகளை வேனில் ரியர்வியூ கண்ணாடியைச் சுற்றி ஒட்டிவைத்து, பயணிகள் காது புளிக்கப் புளிக்கச் சொல்லிப் படித்தேன். என்னால் மார்க்கெட்டுக்குப் போகும் பாட்டிமார்கள்கூட "லக்கேஜை எங்கடி வைக்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

பிரெங்குக்கு மட்டும் அரைவலும் டிபார்ச்சரும் ஒட்டவே ஒட்டாது. டீச்சர் விமானம் இறங்குகிற படத்தைக் காட்டினால் டிபார்ச்சர் என்பான். ஏறுகிற படத்தைக் காட்டினால் அரைவல் என்பான்.

"ஐயா, மால்டாவுல இறங்கி நேரா திரும்பி வர்ற பிளேன்ல ஏறிடப் போறீங்க," என்றாள் எர்மிரா.

"ஏறட்டும் டீச்சர், விடுங்க," என்றேன். வகுப்பே சிரித்தது. பிரெங் காது சிவந்து நோட்டைப் புரட்டினான்.

தேர்வு நாள் வந்தது. தலைநகரிலிருந்து ஒரு அதிகாரி வந்து ஒவ்வொருவராகப் பேசிப் பார்ப்பார் என்றார்கள். ஒன்பது மணிக்கு வரவேண்டிய மனிதர் பதினொன்றுக்கு மேல் வியர்க்க விறுவிறுக்க வந்தார். வழியில் கார் நின்றுவிட்டதாம். நாங்கள் அத்தனை டிரைவர்களும் சவாரியை விட்டுவிட்டு, காபி குடித்துக் குடித்து வயிறு காந்த உட்கார்ந்திருந்தோம்.

முதலில் ஜோவலின் போனான். எங்களில் பழைய டிரைவர் அவன்தான். உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தான், முகம் மிளகாய்ப்பழம் மாதிரி.

"என்னடா ஆச்சு?"

"உன் வண்டி எப்பக் கிளம்பும்னு இங்கிலீஷ்ல கேட்டான். ஆள் நிரம்பினதும்னு இங்கிலீஷ்லயே சொன்னேன், ஒரு பிழை இல்லாம. தப்புங்கறான்! என் வண்டி எப்பக் கிளம்பும்னு எனக்குத் தெரியாதா, அவனுக்குத் தெரியுமா?"

அடுத்துப் போன இரண்டு பேரும் அதே பதிலைச் சொல்லி அதே மாதிரி திரும்பி வந்தார்கள். வேறென்ன சொல்வார்கள்? பிறந்ததிலிருந்து பார்த்தது அதைத்தானே.

நான் உள்ளே போனேன். படங்கள் காட்டினார். கடகடவென்று சொன்னேன். வண்டி எப்போது கிளம்பும் என்றார். பத்து மணிக்கு என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அடுத்து ஒன்று கேட்டார் பாருங்கள்: பத்தாகப் போகும்போது ஒரு பயணி போன் செய்து, நான் வந்துகொண்டிருக்கிறேன், காத்திருங்கள் என்கிறார். என்ன சொல்வீர்கள்?

புத்தகத்தில் இருந்த பதில் எனக்குத் தெரியும். மன்னிக்கவும், வண்டி நேரத்துக்குக் கிளம்பும். தலைகீழாகச் சொல்வேன். ஆனால் எங்களை இரண்டு மணி நேரம் காக்கவைத்த மனிதர் கேட்கிற கேள்வியா இது? காத்திருந்து காத்திருந்து காந்திய வயிறு வேறு. எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் திரட்டி, விரலை அவர் பக்கம் நீட்டினேன்.

"யூ லேட். வீ வெயிட். ஆல் டிரைவர் வெயிட். நோ டிபார்ச்சர்!"

மனிதர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அப்படி ஒரு சிரிப்பு சிரித்தார். எங்கள் மொழியிலேயே பேசினார்.

"நீங்க சொல்றது நியாயம்தாம்மா. பாஸ். ஆனா ஒண்ணு. டெர்மினல்ல பத்து மணின்னா பத்து மணிக்கு எடுக்கணும். வெளியூர்க்காரன் பிளேனைப் பிடிக்கணும்ல? எடுப்பேன்னு வாக்கு குடுங்க."

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்."

கையை நீட்டினேன். "வாக்கு."

வீட்டுக்குப் பறந்து வந்தேன். பிரெங் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். "கெட்டிக்காரிதான்," என்றான். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போதே எனக்கு ஏதோ உறைத்தது.

"தம்பி டிக்கெட் அனுப்பிட்டான் தீலா."

"எதுக்கு டிக்கெட்? இருப்போம்னு வாக்குக் குடுத்தியே!"

"நீ இரு. உனக்கு வேலை கிடைச்சாச்சு. நான் மட்டும் ஒரு வருஷம் போயிட்டு வரேன். பொண்டாட்டி சம்பாத்தியத்துல குந்தித் தின்னுக்கிட்டு எத்தனை நாள்?"

"ஒரு வருஷம்னு போன ஜோவலினோட மச்சான் எங்க? ஒரு வருஷம்னு போன கறிக்கடைக்காரன் எங்க? அந்த வீட்டுச் சன்னலெல்லாம் சாத்தித்தான கெடக்கு! எல்லாரையும் என் வேன்லதான் கொண்டுபோய் விட்டேன், எனக்குத் தெரியாதா?"

"என்னையும் விட்டுடேன்," என்றான் மெதுவாக.

அன்றைக்கு நான் ஓவென்று அழுதேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது? ஆனால் அடுப்பு இல்லாத ரொட்டிக்காரனை என்ன சொல்லி நிறுத்துவது? பெட்டியில் அவன் சட்டைகளை நானே வைத்தேன், மடிக்காமல்.

அவன் விமானமும், டெர்மினலில் என் முதல் சவாரியும் ஒரே நாளில் அமைந்துவிட்டன. காலையில் நான் முன்னால் போய்விட்டேன். பெட்டியோடு நடந்து வந்துவிடுவதாகச் சொன்னான். பிளாட்ஃபார்மில் என் வேன் கழுவித் துடைத்து நின்றது. தலைக்கு மேலே பலகையில் டிபார்ச்சர், பத்து மணி என்று எழுத்து ஓடியது. நான்கு வெளிநாட்டுக்காரர்கள் முதுகுப் பையோடு ஏறினார்கள். மகளைப் பார்க்க இத்தாலிக்குப் போகும் ப்ரேனா அக்கா பாலாடைக்கட்டி மூட்டையோடு முன்சீட்டில் உட்கார்ந்தாள். பிரெங்குக்காக எனக்குப் பின்னால் ஒரு சீட்டில் என் கோட்டைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தேன்.

பத்தாகப் போகிறது. ஆளைக் காணோம். போன் அடித்தது.

"தீலா, அஞ்சு நிமிஷம் நில்லு. சவரக்கடையில இருக்கேன்."

"எங்க?"

"முடி வெட்டிக்கிட்டு இருக்கேன். நீ நம்ம தெரு வழியா வந்து ஏத்திக்கயேன்."

போனை வைத்தேன். கல்யாணத்துக்குப் பாதிரியாருக்கு முன்னால் வந்த மனிதன். விமானம் ஏறப்போகிற நாளில், அதுவும் இந்த நேரத்தில், சவரக்கடையில் போய் உட்கார்ந்திருக்கிறான்.

"யாரு, உம் புருஷனா?" என்றாள் ப்ரேனா அக்கா. "நிப்போம்டி. பாவம், என்ன அவசரம்?"

வெளிநாட்டுக்காரர்களில் ஒருவன் கடிகாரத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, "டிலே?" என்றான்.

சொல்கிறேன் கேளுங்கள். நிற்க எனக்கு இரண்டு காரணம் இருந்தது: ஒன்று புருஷன், இன்னொன்று ஊர் வழக்கம். எடுக்க ஒரே ஒரு வாக்கு இருந்தது. அந்த வாக்கு அந்த நிமிடத்தில் எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை நான் எந்தப் பாதிரியாரிடமும் சொல்லப்போவதில்லை.

"நோ டிலே," என்றேன். "டிபார்ச்சர்!" கதவை இழுத்துச் சாத்தி வண்டியை எடுத்துவிட்டேன்.

எங்கள் தெரு முனை வந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பவில்லை. போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

"அடிப்பாவி! புருஷனை விட்டுட்டுப் போறாளே!" என்று ப்ரேனா அக்கா தலையில் கை வைத்தாள்.

"வாக்குக்கா. யாரா இருந்தாலும்னு கை குடுத்திருக்கேன்."

வாய்தான் வீறாப்புப் பேசியது. கண் ரியர்வியூ கண்ணாடியை விட்டு நகரவில்லை. ஏனென்றால் சவரக்கடை வாசலில் எப்போதும் டாக்ஸி நிற்கும். அவன் நினைத்தால் ஏறி என்னைத் தாண்டிக்கொண்டே போய்விடலாம். விமானத்துக்கு நிறைய நேரம் இருந்தது. ஏர்போர்ட்டில் ஆட்களை இறக்கிவிட்டு, டிபார்ச்சர் வாசலில் தூணோடு தூணாக நின்றேன். ஒவ்வொரு டாக்ஸிக் கதவு திறக்கும்போதும் எட்டிப் பார்த்தேன். யாரோ இறங்கினார்கள், யாரோ கட்டிப்பிடித்து அழுதார்கள். அவன் இறங்கவில்லை. உள்ளே பலகையில் மால்டா விமானத்துக்கு எதிரே கேட் மூடியாயிற்று என்று எழுத்து மாறியது. அந்த வார்த்தையைப் படிக்கத் தெரிந்ததற்காக எர்மிரா டீச்சரை மனதார வாழ்த்தினேன்.

திரும்புகிற சவாரியில் ஒருவரும் ஏறவில்லை. குறித்த நேரச் சட்டம் அங்கேயும் உண்டே, காலியாகவே எடுத்தேன். வழியெல்லாம் எனக்கு நானே சண்டை போட்டுக்கொண்டு வந்தேன். கத்துவானா? பேசாமலே இருந்துவிடுவானா? கத்தட்டும். கத்துவதற்கு ஆள் வீட்டில் இருக்கிறானே, அது போதும்.

டெர்மினலுக்குள் நுழைந்தேன். அரைவல் என்று எழுதிய பலகைக்குக் கீழே, பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தான். முடி ஒட்ட வெட்டியிருந்தது. மடியில் கீரை அடை பொட்டலம். இந்தத் தடவை டிபார்ச்சரோடு குழப்பிக்கொள்ளாமல் சரியான இடத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

"விட்டுட்டுப் போயிட்டியே!" என்றான்.

"பத்து மணி ஆச்சு, எடுத்தேன். நீ ஏன் டாக்ஸி பிடிக்கல?"

பொட்டலத்தின் நூலை அவிழ்த்தான், மறுபடி கட்டினான்.

"சவரக்கடைக்காரன் சொல்றான், ஏரிப்பக்கம் ஒரு ஓட்டல்காரன் ரொட்டி போட ஆள் தேடறானாம். அடுப்பு சின்னதுதான். விறகு அடுப்பு." கொஞ்சம் நிறுத்தி, "நீ நிப்பேன்னு நினைச்சேன் தீலா. நின்னிருந்தா ஏறியிருப்பேன்."

"தெரியும்," என்றேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேன் பக்கத்தில் வந்தான். உள்ளே எட்டிப் பார்த்தான். சீட்டெல்லாம் காலி. எனக்குப் பின்னால் இருந்த சீட்டில் என் கோட்டு மட்டும் கிடந்தது.

"வண்டி எப்பக் கிளம்பும்?" என்று கேட்டான்.

கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன்.

"நிரம்பிடுச்சு. ஏறு."