அறுபத்து மூன்றாம் எண்

ஒரு பெண்ணின் படம் தெரியவில்லை என்றுதான் ஆண்டிச்சாமி போன் செய்தார். கீரமங்கலம் பூக்கடைகளுக்கு மேலே மாடியறையில் திருமணத் தகவல் மையம் நடத்துகிறவர் அவர். அந்த மையத்துக்கு மூன்று வருடத்துக்கு முன் இணையதளம் செய்து கொடுத்தவள் இளமதி. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்ப்பவள்.

"ஒரு புள்ள போட்டோ மட்டும் வெறுங்கட்டமாத் தெரியுது ஆத்தா. பாக்குறவுக என்னை வையிறாக."

காரணம் பார்க்காமலே அவளுக்குத் தெரியும். போனிலிருந்து ஏற்றும்போது படக் கோப்பின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் போய்விடும். தளம் சின்ன எழுத்தில் தேடும். சரிசெய்ய ரெப்போவைத் திறந்தாள். தளத்தின் கோப்புகள் எல்லாம் கிடக்கும் இணையக் கிடங்குதான் ரெப்போ. அதில் போட்டது சில நிமிடத்தில் தளத்தில் வந்துவிடும், வாடகை கிடையாது. இலவசமாக வேண்டுமென்றால் ஒரே நிபந்தனை: கிடங்கின் கதவு ஊருக்கே திறந்திருக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் உள்ளே பார்க்கலாம். அன்றைக்கே ஆண்டிச்சாமியிடம் இதைச் சொல்லியிருந்தாள். டீ வந்து வைத்த நேரத்தில், ஒரே வாக்கியத்தில்.

படங்களுக்குக் கீழே அவள் போடாத ஒரு கோப்பு இருந்தது. பெயர் 'குறிப்பு'. பெண்களின் பதிவு எண் போட்டு வரிசையாக எழுதியிருந்தது.

*42. நெறம் கம்மி. பல் எடுப்பு. அப்பன் குடி. ரெண்டாந்தாரத்துக்கும் சம்மதிப்பாக.*

*57. காலேஜ்ல ஒருத்தனோட போயி மூணா நாள் கூட்டியாந்தது.*

*61. இளமதி. கம்ப்யூட்டர் வேலை. வாய் நீளம்.*

அம்மா தனக்குத் தெரியாமல் தன் பெயரையும் மையத்தில் பதிந்திருக்கிறாள் என்பது புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. ஆண்டிச்சாமி இவ்வளவுதானே எழுதியிருக்கிறார் என்று முதலில் நிம்மதிதான் வந்தது. அந்த நிம்மதியை நினைத்ததும் வாயில் எச்சில் கசந்தது. அடுத்த வரிக்குப் போனாள்.

*63. சொர்ணவல்லி. லேப் டெக்னீசியன். பதினாலு வயசு வரை வலிப்பு. இப்ப மாத்திரை இல்ல. ஆத்தாக்காரி சொன்னது. வெளிய சொல்லாதீகன்னு அழுதது.*

சொர்ணவல்லி அக்கா மூன்றாவது தெரு. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வருகிற ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள்.

இளமதி கோப்பை அழித்தாள். அழித்த பிறகுதான் அது வீண் வேலை என்று உறைத்தது. ரெப்போ எதையும் மறக்காது. அழித்த கோப்பும் அதன் பழைய வடிவங்களும் வரலாறு என்ற பகுதியில் தேதியோடு நிற்கும். திறந்து பார்த்தாள். எட்டு மாதத்தில் பதினொரு தடவை ஆண்டிச்சாமி எழுதியிருந்தார். ஒவ்வொரு தடவையும் திருத்தியவர் பெயர் என்ற இடத்தில் இளமதியின் பெயர். கணக்கு அவளுடையது, படம் ஏற்றிக்கொள்ள அவரிடம் கடவுச்சொல்லை அவள்தான் கொடுத்தாள்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். விலை போகாத மல்லிகையை மாடிப்படி ஓரம் கொட்டியிருந்தார்கள். மழையில் நனைந்து பழுத்து, குப்பென்று நாறியது.

"வாத்தா, போட்டோ வந்திருச்சா?" ஆண்டிச்சாமி நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார்.

"அந்தக் குறிப்ப எதுக்கு மாமா இதுல போட்டீங்க?"

"சைட்டுல எங்கிட்டு இருக்கு? காட்டு பாப்போம்."

கடவுச்சொல் எதுவும் போடாமல், அவருடைய போனிலேயே கிடங்கைத் திறந்து காட்டினாள். பதறிப்போவார் என்று எதிர்பார்த்திருந்தாள். அவர் கண்ணாடியைக்கூட மாட்டவில்லை.

"தெரியும்த்தா."

"தெரியுமா?"

"நீதான சொன்ன, எல்லாருக்கும் தெரியும்னு. மாப்ள வீட்டுக்காரவுக கேக்குறாக, புள்ள எப்புடி, வீடு எப்புடின்னு. நாம் பாட்டுக்கு வாயத் தொறந்து சொன்னா நாளைக்குச் சண்டைக்கு வருவாக, பாவமும் சேரும். அந்தக் குறிப்போட லிங்க்க அனுப்பி விட்டுர்றது. அவுகளாப் படிச்சுக்கிறாக. இருவத்திரெண்டு வருசத்துல ஒரு பொம்பளப் புள்ளயப் பத்தி இந்த வாயால ஒரு சொல்லு தப்பாச் சொன்னதில்ல."

பெருமையாகத்தான் சொன்னார். நெற்றியில் திருநீறு காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"மாப்ளைங்களுக்குக் குறிப்பு எங்க இருக்கு?"

"ஆம்பளப் பயலுக்கு என்னாத்தா குறிப்பு? வேலையும் சம்பளமும் போதாதா?"

"சொர்ணவல்லிக்கா அம்மா அழுது சொன்னாங்கன்னு நீங்களே எழுதிருக்கீங்க."

"நடந்ததத்தான எழுதுனேன்! பொய்யா எழுதுனேன்?"

இன்னும் பேசினால் அவர் பதில் சொல்வார், அதையும் கேட்டுத் தொலைக்க வேண்டும். இளமதி மேசைமேல் லேப்டாப்பைத் திறந்து ரெப்போவையே அழிக்கும் பக்கத்துக்குப் போனாள். கிடங்கின் முழுப் பெயரை அடிக்கச் சொன்னது. அடித்தாள்.

"என்னாத்தா பண்ற?"

"மொத்தமா எடுக்குறேன்."

"ஏய், ஆவணி முகூர்த்தம் வருது! எம்பொழப்பு அதுலதான இருக்கு!"

"சோத்துலயே பீ கலந்து வச்சிருக்கீங்க மாமா. அள்ளித்தான் கொட்டணும்."

'வாய் நீளம்' என்று தான் எழுதியது சரிதான் என்று அவர் நினைத்திருப்பார்.

தளம் போய்விட்டது. ஆனால் அழிக்கும் முன்பே ஒன்றைப் பார்த்துவிட்டிருந்தாள். யாரோ ஒருவர் அந்தக் கிடங்கை முழுதாக நகல் எடுத்துத் தன் கணக்கில் வைத்திருந்தார். பெயரும் இல்லை, ஊரும் இல்லை. அது அவள் கைக்கு எட்டாது. படியில் நின்றபடியே கிடங்கை நடத்தும் நிறுவனத்துக்குப் புகார் எழுதினாள். 'கிடைத்தது, பரிசீலிக்கிறோம்' என்று தானாக ஒரு பதில் வந்தது.

இனி சொர்ணவல்லி அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியாது.

பரிசோதனை நிலையத்தில் சொர்ணவல்லி ரத்த மாதிரிக் குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். கூடத்தில் ஆளில்லை. இளமதி நின்றுகொண்டே, குறிப்பு இருந்ததையும் அதன் லிங்க் மாப்பிள்ளை வீடுகளுக்குப் போனதையும் சொன்னாள். சொர்ணவல்லியின் கை ஒரு சீட்டோடு அப்படியே நின்றது.

"என்ன எழுதிருக்கு? அப்புடியே சொல்லு."

இளமதி சொன்னாள்.

"அம்மா அழுதது வரைக்குமா?"

"ஆமாக்கா."

"எத்தனை மாசமா?"

"எட்டு."

சொர்ணவல்லி கையுறையைக் கழற்றினாள். "கார்த்திகையில ஆலங்குடிக்காரங்க. தையில பேராவூரணி. வைகாசியில இன்னொருத்தங்க. மூணு பேருமே ஜாதகம் ஒத்துவரலன்னாங்க. எங்கம்மா திருநள்ளாறு, திருமணஞ்சேரின்னு சுத்துச்சு. காலு வீங்கிப் போச்சு."

"ஞாயித்துக்கிழமை வர்றவங்க..."

"அவங்களும் படிச்சிட்டுத்தான் வாராங்களோ, வராமலே இருப்பாங்களோ." போனை எடுத்து ஆண்டிச்சாமி கொடுத்த மாப்பிள்ளை வீட்டு எண்ணைத் தேடினாள். "நானே சொல்லிர்றேன். படிச்சவன் வாயால கேக்குறதுக்கு முன்னாடி."

மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். இரண்டாவது மணியிலேயே துண்டித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு செய்தி வந்தது. சொர்ணவல்லி அதைப் படித்துவிட்டு இளமதி பக்கம் திருப்பிக் காட்டினாள்.

*மன்னிக்கவும். ஜாதகத்தில் பொருத்தம் சரியில்லை.*

"அந்த சைட்டு நீ செஞ்சதுதான?"

"நாந்தான்க்கா."

"சாயங்காலம் வீட்டுக்கு வா. இது சாமி குத்தம் இல்லன்னு எங்கம்மாகிட்ட நீயே சொல்லு."

புதுக் கையுறையை மாட்டிக்கொண்டு, அடுத்த குழாயை எடுத்தாள்.