சிப்பாய் வேஷம்

ஆயிரத்து எண்ணூற்று ஆறாம் வருஷம் வேலூர்க் கோட்டையில் செத்த சிப்பாய்களை, நூற்று ஐந்து வருஷம் கழித்து நாங்கள் இன்னொரு தடவை சாகடித்துக் காட்டினோம். பார்க்க வந்தவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சோடா குடித்துக்கொண்டே பார்த்தார்கள்.

அந்தக் காலத்தில் மெட்ராஸிலிருந்து ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, ஜட்கா பிடித்துக் கோட்டை பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள் ஜாஸ்தி. அகழியைச் சுற்றுவார்கள். சாமி இல்லாத கோயிலில் யாளித் தூண்களைத் தடவிப் பார்ப்பார்கள். ஆனால் எல்லோரும் ஆசையாகக் கேட்பது ஒன்றைத்தான். சிப்பாய்களை நிற்கவைத்துச் சுட்ட சுவர் எங்கே? அந்தக் கதையைச் சொன்னால் துரைசானிகள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள், ஆனால் இடத்தைவிட்டு நகர மாட்டார்கள். வாயால் சொல்வானேன், நடித்தே காட்டலாமே என்று அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு துரைக்குத் தோன்றிவிட்டது.

கதை இதுதான். கும்பினி தன் சிப்பாய்களுக்குப் புதுசாக ஒரு தலைப்பாகை கொடுத்தது. அதன் முன்பக்கம் ஒரு தோல் பட்டை. தோல் தீட்டு, தலையில் வைக்க மாட்டோம் என்றார்கள் சிப்பாய்கள். மறுத்தவர்களில் இரண்டு பேருக்குத் தொண்ணூறு தொண்ணூறு கசையடி. அப்புறம் ஒருநாள் விடிவதற்கு முன்னால் சிப்பாய்கள் எழுந்து, தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைச் சோல்ஜர்களைக் கட்டிலிலேயே சுட்டார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்தது. பீரங்கியால் கதவைப் பிளந்து உள்ளே புகுந்து, அகப்பட்டவர்களை வெட்டிச் சாய்த்தது. ஒளிந்திருந்தவர்களை இழுத்துவந்து சுவரோடு நிறுத்திச் சுட்டார்கள். நூறு பேர் இருக்கும் என்பார்கள்.

இந்தக் கதையைக் கேட்டால் வெள்ளைக்காரன் மேல் எனக்குக் கோபம் வரும். செத்தவர்கள் மேலும் கொஞ்சம் வரும், பொய் சொல்வானேன். நான் ஆதிகேசவன். ஆம்பூரில் மக்பூல் அகமது சாயபுவின் தோல்ஷாப்பில் எனக்கும் என் தம்பி கோவிந்தசாமிக்கும் வேலை. சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை வெளியே இழுத்து மயிர் வழிப்போம், சதை வழிப்போம். எங்களைத் தெருவில் கண்டாலே ஊர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எங்கள் கைபட்ட ஒரு துண்டுத் தோலுக்குப் பயந்து இத்தனை பேர் உயிரை விட்டார்கள் என்றால் நான் எப்படி அழுவேன்?

நாடகத்துக்கு நாற்பது தலைப்பாகைக்குத் தோல் பட்டை வேண்டும் என்று சாயபுவுக்கு ஆர்டர் வந்தது. வெட்டினவன் கோவிந்தசாமி. நல்ல ஆட்டுத்தோலாகப் பார்த்துப் பொறுக்கினான். ஓரம் பிசிறில்லாமல் நறுக்கி, எண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்து முகம் தெரியும்படி பண்ணினான். "துரைமாருங்க பாக்கப் போறாங்கண்ணா" என்று ஓயாமல் சொன்னான். அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. நானும் அவனும் இன்னும் முப்பத்தெட்டு பேரும் வண்டிகட்டிக்கொண்டு வேலூருக்குப் போனோம். வெள்ளைச் சோல்ஜர் வேஷம் எங்களுக்கு, சுவரோரம் நின்று துப்பாக்கி பிடித்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள்.

சிப்பாய் வேஷம் கட்ட வந்தவர்கள் ஆற்காட்டை அடுத்த கலவைப் பக்கத்துக் குடியானவர்கள். தலைப்பாகையைக் கையில் கொடுத்ததும் அதை உதறிவிட்டு விலகி நின்றார்கள். அவர்களுக்குப் பெரியவன் அருணகிரி, தூண் மாதிரி உடம்பு. "தோலு வெச்சதைத் தலையில வெக்கமாட்டோம்" என்றான். மாடு பூட்டிக் கவலை இறைக்கும்போது அவன் கிணற்றுத் தண்ணீர் எங்கள் தோல் சாலில்தான் மேலே வருகிறது. அதைக் குடிப்பான், குளிப்பான், சாமிக்கும் தெளிப்பான். தலையில் மட்டும் ஆகாதாம்.

நாடகக் கமிட்டி குமாஸ்தா ராமமூர்த்திக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் வேஷத்தை மாற்றிவிட்டார். குடியானவர்கள் முகத்தில் அரிசிமாவு பூசிக்கொண்டு வெள்ளைச் சோல்ஜர் ஆனார்கள். நாங்கள் சிப்பாய் ஆனோம்.

"நீதாண்டா மொத ஆளு" என்று கோவிந்தசாமியைக் கூப்பிட்டார். "தலப்பாவைக் குடுப்பாங்க. வாங்கிக் கீழ போட்டு, அது மேல துப்பணும். அப்புறம் உன்னைக் கட்டிவெச்சுத் துணிச் சாட்டையால அடிப்பாங்க. வலிக்காது."

"இன்னாத்துக்கு சாமி துப்பணும்?"

"தோலுடா அது. சிப்பாய்க்கு அருவருப்பு."

கோவிந்தசாமி என்னைப் பார்த்தான். "நான் செஞ்சது மேலயாண்ணா?" என்றான். நாடகம்தானேடா, துப்பிட்டு வா என்றேன்.

மதியம் மூன்று மணி வெயிலில் நாடகம் ஆரம்பமானது. துரைமார்கள் முன்வரிசை, சுற்றிலும் ரிசர்வ் போலீஸ். ஒருவர் இங்கிலீஷில் உத்தரவு படித்தார். தலைப்பாகையை ஒரு கோலில் மாட்டி நீட்டினார்கள். கோவிந்தசாமி வாங்கினான். தோல் பட்டையைக் கட்டைவிரலால் ஒருமுறை துடைத்தான். தலையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றான்.

துரைமார்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "கீழ போட்றா!" என்று ராமமூர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அவன் அசையவில்லை. யாராவது தட்டிவிட்டிருக்கலாம், ஆனால் தோலைத் தொட அங்கே எவனும் தயாராக இல்லை. மாவு பூசின அருணகிரி துணிச் சாட்டையை எறிந்துவிட்டுப் போய், தன் வண்டியிலிருந்த மாட்டுச் சாட்டையை எடுத்துவந்தான்.

முதல் அடி தோளில் விழுந்தது. சட்டை கிழிந்தது. "சேரிப்பயலுக்குச் சிப்பாய்த் தலப்பா கேக்குதா?" என்றான். இரண்டாவது அடியில் ரத்தம். நான் ஓடினேன். ஒரு போலீஸ்காரன் துப்பாக்கிக் கட்டையால் என் வாயில் இடித்தான், இரண்டு பல் உடைந்து கையில் வந்தது. இன்னும் இரண்டு பேர் என்னைத் தரையில் அழுத்திக்கொண்டார்கள். அங்கிருந்து நான் எல்லாவற்றையும் பார்த்தேன். துரைமார்கள் கைதட்டினார்கள். ஒரு துரைசானி பார்ப்பதற்கு வசதியாக எழுந்தே நின்றாள்.

ஆறாவது அடி காதைக் கிழித்தது. எட்டாவதில் முதுகுத் தோல் உரிந்து தொங்கியது. "துப்புடா! துப்புடா!" என்று ஒவ்வொரு அடிக்கும் அருணகிரி கத்தினான். கோவிந்தசாமி தலைப்பாகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். விழவில்லை. பத்து. பதினொன்று. இனி ஒரு அடி விழுந்தால் தம்பி செத்துப்போவான் என்று எனக்குத் தோன்றியது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"துப்பிட்றா தம்பி!" என்று ரத்த வாயோடு அலறினேன். "உன் கால்ல விழறேன், போட்டுட்டுத் துப்பிட்றா!"

அவன் என் பக்கம் திரும்பினான். பிறகு தலைப்பாகையைக் கழற்றித் தரையில் போட்டான். குனிந்து துப்பினான். கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று.

நாடகம் நிற்கவில்லை. கடைசியில் எங்கள் எல்லோரையும் அந்தச் சுவரோடு நிறுத்தி குண்டில்லாமல் வெறும் மருந்து போட்டுச் சுட்டார்கள். சொல்லிக்கொடுத்தபடி எல்லோரும் விழுந்தோம். கோவிந்தசாமியும் விழுந்தான். நான்தான் அவனைத் தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் குப்புறப் போட்டேன்.

இருபது நாள் பொறுத்தேன். பிறகு தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கிற உலக்கையை எடுத்துக்கொண்டு ஆற்காட்டுச் சந்தைக்குப் போனேன். பட்டப்பகலில், அத்தனை ஜனத்துக்கு முன்னால், அருணகிரியைக் கீழே தள்ளி வலது கையை ஒரு கல்லின் மேல் வைத்து இடித்தேன். எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டபிறகும் இடித்தேன். அவன் அழுதான். எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை, இன்றைக்கும் இல்லை. வேலூர் ஜெயிலில் ஆறு மாசம் போட்டார்கள்.

விடுதலையாகி நேராகத் தோல்ஷாப்புக்குத்தான் போனேன். கோவிந்தசாமி குழிமேட்டில் நின்றிருந்தான். முதுகு முழுக்கத் தழும்பு.

"அவன் கையை உடச்சிட்டேன்டா" என்றேன்.

"கேள்விப்பட்டேன்."

"அப்புறம் இன்னாடா? ஜெயிலுக்கு ஒரு தபாகூட வந்து பாக்கல நீ. என் மேல இன்னாடா கோவம்?"

அவன் குழியைப் பார்த்துக்கொண்டே பேசினான். "பதினோரு அடி நின்னேன். இன்னும் நின்னிருப்பேன். செத்தா நின்னுக்கினே செத்திருப்பேன். அவன் அத்தினி தபா சொன்னான், நான் துப்பல. நீ ஒரு தபா சொன்ன, துப்பிட்டேன்."

நீ செத்துப்போவியேடா என்று சொல்ல வாயெடுத்தேன். அது அவனுக்கும் தெரியும். குழிக்குள் இறங்கி ஒரு தோலை இழுத்தான். ஊறின தோல், நல்ல கனம். எப்போதும்போல நான் மறுமுனையைப் பிடித்தேன்.

"விடுண்ணா" என்றான். "நானே தூக்கிக்கிறேன்."