புனிதரின் பிடரிக்குக் கீழே

மகதலேனா திருவிழாவுக்குப் போகும் வழியில், பாலைவனத்தின் நடுவே, எங்கள் லாரியின் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை நிழல் என்று இருந்தது பாதிரிமார் கட்டிய பழைய மிஷன் கோயில் ஒன்றுதான். என் கணவர் நிகானோர் இஞ்சின் ஆறுவதற்காக வெளியே காத்திருந்தார். நானும் மூத்த நாத்தனார் தொமாசாவும் உள்ளே போனோம்.

எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். தொமாசா என்னிடம் முகம்கொடுத்துப் பேசியதில்லை. பேசினாலும் குத்தல்தான்.

பீடத்தருகே மரத்தாலான புனித பிரான்சிஸ்கோ மல்லாந்து படுத்திருந்தார். கழுத்துவரை கம்பளி போர்த்தியிருந்தது. கும்பிட வருகிறவர்கள் அவர் தலையைத் தூக்கி நெற்றியில் முத்தமிட வேண்டும். மனசில் பாவம் இருந்தால் தலை அசையாது என்பார்கள். பிடரிக்குக் கீழே கையை நுழைத்தேன். நாலு விரற்கடை உயர்ந்ததும் மணிக்கட்டை ஒட்டி வழவழவென்று ஏதோ நகர்ந்தது. அப்படியே உறைந்துபோனேன்.

"என்னடி எலோடியா, தூக்க முடியலயா? என் தம்பிகிட்ட என்னத்த மறச்ச?" தொமாசா பின்னாலிருந்து சிரித்தாள்.

அப்போதுதான் கம்பளிக்குள்ளிருந்து கிலுகிலுவென்று சத்தம் கேட்டது. அவள் சிரிப்பு நின்றது. கிலுகிலுப்பை விரியன். எங்கள் ஊரில் கைக்குழந்தைக்குக்கூட அந்தச் சத்தம் தெரியும்.

"அசையாத."

"கனக்குது அண்ணி."

"விட்டுராத. தலை அது மேல விழுந்தா கடிச்சிரும்."

செருப்பைக் கழற்றிவிட்டு, பூனைபோலத் தலைமாட்டுக்கு வந்தாள். புனிதரின் இரண்டு காதுகளையும் பிடித்துப் பாரத்தை வாங்கிக்கொண்டாள்.

"இப்பக் கைய எடு. மெதுவா. அவசரமே இல்ல. என் தம்பி ஒரு வேலையச் செஞ்சு முடிக்கப் பொழுது சாஞ்சிரும்."

விரல் விரலாகக் கையை வெளியே எடுத்தேன். சத்தம் ஓயவில்லை. இப்போது அவள் கைகள்தான் அதன் வாய்க்கு நேராக இருந்தன.

"நீங்களும் விட்டுட்டு வந்துருங்க அண்ணி!"

"விட்டா பாயும். கால்மாட்டுக்குப் போ. கம்பளிய ஒரே இழுப்பா இழு. பாதியில நிறுத்தினா நான் செத்தேன்."

கண்ணை மூடாமல் இழுத்தேன். கம்பளியோடு பாம்பும் சுவரோரம் போய் விழுந்தது. சுருண்டு, தலையை உயர்த்தி எங்களைப் பார்த்தது. பிறகு மெல்ல ஊர்ந்து, பக்கவாட்டுக் கதவின் உடைந்த பலகை வழியாக வெயிலுக்குள் போய்விட்டது.

தொமாசா தலையைப் பதமாக இறக்கி வைத்தாள். அடுத்த நொடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் தண்ணீர் கொடுத்தேன். பாதி அவள் பாவாடையில் சிந்தியது.

"உன் புருஷன்கிட்ட சொல்லிராத. வண்டியத் திருப்பிருவான்."

நாங்கள் வெளியே வந்ததும் நிகானோர் கத்தினார். "உள்ள என்ன, தூங்கிட்டீங்களா?"

"உன் பொண்டாட்டி ஜெபத்த முடிச்சாத்தானே வர முடியும்?" என்றாள் தொமாசா.

லாரியில் வழக்கமாகச் சன்னலோரம் தனியாக உட்காருபவள், அன்று என்னை உள்ளே தள்ளிக்கொண்டு ஒட்டி உட்கார்ந்தாள். வெகுதூரம் போகும்வரை அவள் தோளின் நடுக்கம் என் தோளில் தெரிந்துகொண்டே இருந்தது.