ஹீட்டரை அணைத்தவன்

பனிப் பிரதேசத்தில் ஹீட்டர் பழுது பார்க்க வளைகுடாவின் பாலைவன ஊரான அஜ்மானில் ஆள் எடுக்கிறார்கள் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். தொழிலாளர் கேம்ப்பில் எல்லோரும் சிரித்தார்கள். தேவசுந்தரம் மட்டும் பெயர் கொடுத்தான்.

கனடாவின் வட கோடியில், இனூயிட் மக்களின் ஊர்களில், ஹீட்டர் மெக்கானிக்குகள் போதவில்லையாம். உள்ளூர்ப் பிள்ளைகளோடு வெளியாட்கள் சிலரையும் பயிற்சிக்குச் சேர்க்கிறார்கள். குடும்பத்தோடு போகலாம். அந்த ஒரு வார்த்தையில்தான் அவன் விழுந்தான். அவன் அஜ்மானில் ஏ.சி. மெக்கானிக், மனைவி ஜெபராணி சவுதியில் அல் கோபாரில் நர்ஸ், மகள் ஷாஜினி நாகர்கோவிலில் ஹாஸ்டலில். மூவரும் ஒரே வீட்டில் கடைசியாகத் தூங்கியது எப்போது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். வயது வரம்பு அவனுக்கு இந்த வருடத்தோடு முடிகிறது.

செய்முறைத் தேர்வு ஒரு ஷெட்டில் நடந்தது. நடத்த வந்தவள் ஓர் இனூயிட் அம்மாள். அவன் அடைத்திருந்த ஃபில்டரை மாற்றினான், தீச்சுடரைச் சரிசெய்தான். அம்மாள் திருப்தியாகத் தலையசைத்தாள்.

"வீட்டுக்காரர்கள் வேட்டைக்குப் போயிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வர ஒரு வாரம் ஆகும். முடித்துவிட்டுக் கிளம்புங்கள்" என்றாள்.

ஆளில்லாத ஃபிளாட்டை விட்டு வரும்போது இத்தனை வருடம் செய்ததையே அவன் கை செய்தது. ஹீட்டரை அணைத்தான். எண்ணெய் வால்வை மூடினான். மெயின் ஸ்விட்சையும் இறக்கி, பொறுப்பானவன் என்று காட்ட எச்சரிக்கை அட்டை வேறு மாட்டினான், பாவி.

அம்மாளின் முகம் வாடியது. "எங்கள் ஊரில் இப்படி விட்டுப் போனால் குழாய்த் தண்ணீர் உறைந்து வெடித்துவிடும். அவர்கள் திரும்பி வரும்போது வீடு இருக்காது."

"இன்னொரு தடவை பார்க்கிறேன், மேடம்."

"வேறு எந்தத் தப்பையும் பொறுத்துக்கொள்ளலாம். இதை முடியாது."

வெளியே வந்து ஜெபராணியை ஃபோனில் கூப்பிட்டான். விஷயத்தைச் சொன்னான்.

"அப்ப கலாஸ், எல்லாம் முடிஞ்சுது" என்றாள். "ஷாஜினிகிட்ட நீங்களே சொல்லுங்க. எனக்கு வாய் வராது. டூட்டிக்கு நேரமாச்சு."

ஹாஸ்டலுக்கு ஃபோன் போட்டு, வார்டன் மகளைக் கூட்டி வரும்வரை வெயிலிலேயே நின்றான்.

"அப்பா தோத்துட்டேன், மக்களே."

அழுவாள், எப்படித் தேற்றுவது என்று அவன் தவித்துக்கொண்டிருந்தான். அவளோ பெரிய மனுஷி மாதிரி அவனைத் தேற்றினாள்.

"அதுக்கென்னப்பா. எனக்கு ஹாஸ்டல்தான் வீடு மாதிரி பழகிட்டு."