டீசலின் தோல்

டீசலுக்குச் சொறி என்று முதலில் சொன்னவள் கெங்கம்மாதான். புளியந்தோப்புக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் அவள் சொன்னால் சொன்னதுதான். மகள் பிரசவத்துக்கு வந்து, கைக்குழந்தையோடு உள்ளே படுத்திருந்தாள். பக்கத்து வீட்டு நாய் டீசலின் முதுகில் முடி கொட்டி, செதில் உதிர்வதைப் பார்த்ததும் கெங்கம்மா முடிவெடுத்துவிட்டாள்.

"ஞாயித்துக்கெழமை மாடிக்காரங்க அல்லாரும் கூடுறோம். அதுக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணு. இல்ல, எங்கனா கொண்டுபோய் வுட்ரு."

"சரியாய்டும்க்கா," என்றாள் பக்கத்து வீட்டு ஷாலு.

எப்படி என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் நாயை விடுவதாக இல்லை.

அவள் கணவன் தீனா திருவொற்றியூரில் லாரிப் பட்டறை வைத்திருந்தான். டீசல் அங்கே ஒரு லாரிக்கு அடியில் பிறந்தது. பட்டறைக்காரர்களுக்கு நாயின் தோலில் எது வந்தாலும் ஒரே மருந்து: எஞ்சினிலிருந்து இறக்கிய பழைய ஆயில். முதுகில் சின்னப் புண் ஒன்று தெரிந்ததும் தீனா அதைத்தான் பூசினான். வீடெல்லாம் கருப்பாக ஒட்டுகிறது என்று ஷாலு கத்தினாள். பட்டறையில் கை கழுவும் சோப்புத்தூளைக் கொண்டுவந்து தேய்த்தான். மறுநாளும் தேய்த்தான். பிறகு அது தினப்படி வேலையானது. கொஞ்ச நாள் நாய் பளபளவென்று இருந்தது. அப்புறம் முடி கொட்டி, நாற்றமெடுத்தது.

நாயை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ராயபுரம் போனார்கள். கால்நடை டாக்டர் ஃபரா தோலைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்.

"பூச்சி எதுவும் இல்ல. இது சொறி இல்ல. எதால குளிப்பாட்டுறீங்க?"

தீனா சொன்னான். கொஞ்சம் பெருமையாகவே சொன்னான். "எப்பேர்ப்பட்ட கிரீஸா இருந்தாலும் எடுத்துடும் டாக்டர்."

"எடுத்துடுச்சு," என்றார் ஃபரா. அவன் கையைப் பிடித்து மேசைமேல் விரித்தார். உள்ளங்கை முழுக்க வெடிப்பு. வெடிப்புக்குள் கருப்பு.

"ஒவ்வொரு முடியோட வேர்லயும் குட்டியா ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கு. மனுஷனுக்கும் இருக்கு, நாய்க்கும் இருக்கு. அந்த எண்ணெய்தான் தோல்மேல மெல்லிசா பரவி ஈரத்தைக் காப்பாத்துது, கிருமிய உள்ள விடாம பாத்துக்குது. நீங்க தினமும் அதைத் தேச்சு எடுத்தா தோல் காஞ்சு வெடிக்கும். கிருமி உள்ள போகும். அதான் இந்த நாத்தம், அரிப்பு."

"அப்ப என் கையும் அதானா?"

"உள்ளங்கையில அந்தச் சுரப்பியே கிடையாது. உங்களுக்கு இன்னும் சீக்கிரம் வெடிக்கும்."

தீனா யோசித்தான். "எண்ணெதான் இல்லன்னா, அந்தப் பழைய ஆயிலயே மறுபடி..."

"நாய் நக்கும். அது விஷம். அந்த ஆயில் பக்கமே போகாதீங்க."

ஷாலுவுக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான். "பக்கத்து வூட்ல கைக்கொழந்த கீது டாக்டர். ஒட்டுமா?"

"இது ஒட்டுற வியாதி இல்ல. புண்ணு ஆறுற வரைக்கும் குழந்தைகிட்ட விடாதீங்க, அது போதும்."

மாத்திரை கொடுத்தார். மருந்து ஷாம்பு, வாரம் ஒரு முறை மட்டும். நாற்றம் உடனே போகாது, முடி முளைக்க மாசக் கணக்காகும் என்றார்.

ஞாயிறு காலை தீனா வாளியில் தண்ணீர் பிடித்தான்.

"இன்னாய்யா பண்ற?"

"ஒரே ஒரு தபா மே. சாயங்காலம் பளபளன்னு கொண்டுபோய் நிறுத்தலாம். இந்த நாத்தத்தோட போனா நின்ன எடத்துலயே தொரத்திடுவாங்க."

அவன் சொன்னதில் தப்பில்லை. குளிப்பாட்டினால் இன்று தப்பிக்கலாம். ஷாலு அவன் கையிலிருந்த சோப்புத்தூள் டப்பாவை வாங்கி, தூள் முழுவதையும் கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள்.

"நாறட்டும்," என்றாள்.

சாயங்காலம் வராந்தாவில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். டீசல் வந்ததும் பேச்சு நின்றது. கெங்கம்மா முந்தானையால் மூக்கை மூடினாள்.

"இன்னாடி, சரியாய்டும்ன. இம்மாம் கலீஜா கீது."

"கலீஜ எடுக்கறேன்னு தேச்சுத் தேச்சுதான்க்கா இப்டி ஆச்சு. தோலுக்குள்ள ஊறுற எண்ணெயக் கழுவிட்டோம். சொறி இல்லன்னு டாக்டரம்மா பாத்துச் சொல்லிட்டாங்க."

"அவங்க சொல்லுவாங்க. அவங்க வூட்லயா கொழந்த கீது?"

ஷாலு தரையில் உட்கார்ந்து நாயை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "தெனம் என் கைமேலதான் தல வெச்சுப் படுக்குது. நீயே பாரு."

கெங்கம்மா பார்த்தாள். ஷாலுவின் கையை வெளிச்சத்தில் திருப்பினாள், முழங்கைக்கு மேலும் ஏற்றிப் பார்த்தாள். ஒரு தடிப்புகூட இல்லை. ஆனாலும் கையை விடவில்லை.

"நாளைக்கு எதுனா வந்தா?"

ஷாலு மறு கையால் தீனாவின் கையை இழுத்து அவள் முன்னால் நீட்டினாள். "இதுக்கும் அதே சோப்பு, அதே வெடிப்பு. ஒரே வியாதிக்கா. நாய அனுப்பறதுன்னா இந்தாளயும் சேத்து அனுப்பணும்."

கெங்கம்மா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு நாயின் முதுகைப் பார்த்தாள்.

"நாயி இர்க்கட்டும். இவன அனுப்பு."

வராந்தாவே சிரித்தது. தீனாவும் சிரித்தபடி கையை லுங்கிக்குள் ஒளித்தான். கெங்கம்மா சிரிக்கவில்லை.

"தீபாவளி வரைக்கும்தான். அதுக்குள்ள முடி மொளைக்கணும். எங்க வாசப் பக்கம் வரக்கூடாது. கொழந்தைக்கு ஒரு கொப்புளம் வந்துச்சு, அப்பறம் நான் பேசிக்கினு இருக்க மாட்டேன்."

"வராதுக்கா."

டீசல் பின்னங்காலைத் தூக்கி விலாவை வறட் வறட்டென்று சொறிந்தது. செதில் உதிர்ந்தது. எல்லோரும் பார்த்தார்கள். ஷாலு அதைத் தடுக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.