சாலைக்கு அடியில் ஒரு குழாய்

தையல்காரர் என் சட்டையைப் பிடித்து உலுக்கிய உலுக்கலில் மேல் பித்தான்கள் இரண்டும் தெறித்துத் தண்ணீரில் விழுந்தன. போன மாதம் அவரே தைத்துக் கொடுத்த சட்டை. வேறொரு நாளாக இருந்தால் அதைச் சொல்லியே அவரை ஓட்டியிருப்பேன். இடுப்பளவுத் தண்ணீரில் நாற்பது பேர் என் பொக்லைன் வண்டியைச் சுற்றி நின்றார்கள். கடப்பாரை, மண்வெட்டி, இரும்புக் குழாய், உடைந்த கட்டில் கால் என்று ஆளுக்கொன்று கையில் இருந்தது. பத்து வருஷமாக எனக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்த முகங்கள்தான் எல்லாம்.

"ஏறுடா. ரோட்ட வெட்டு."

எங்கள் தெருக்களுக்கும் பள்ளத்துக் குடியிருப்புக்கும் நடுவில் அந்த ரோடு போகிறது. இரண்டு வருஷத்துக்கு முன் ஆள் உயரத்துக்கு மண் கொட்டி உயர்த்தினார்கள். அதற்கப்புறம் மழைத் தண்ணீர் அந்தப் பக்கம் இறங்குவதில்லை, எங்கள் வீடுகளுக்குள் குடித்தனம் நடத்துகிறது. இந்தத் தடவை மூன்று நாளாக வடியவில்லை. நேற்றுக் காலை தையல்காரரின் மனைவி கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்துச் சுவரைப் பிடித்தாள், தண்ணீரில் கரண்ட் இருந்தது. துணி அளக்கும் மரக்கட்டையால் நெம்பித்தான் அவளைச் சுவரிலிருந்து பிரித்தார். சுடுகாட்டிலும் தண்ணீர். துணி வெட்டும் மேஜைமேல் அவளை இன்னும் கிடத்தியே வைத்திருக்கிறார்.

ரோட்டை வெட்டினால் மூன்று நாள் தண்ணீரும் ஒரே பாய்ச்சலில் பள்ளத்துக்குள் போகும். அங்கே ரோட்டை ஒட்டிய முதல் வீடு என் அக்காவுடையது. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்த மாமா நாலு மாதமாகப் படுத்த படுக்கை. கட்டிலோடு தூக்கினால்தான் உண்டு.

"அரை மணி நேரம் குடுங்கண்ணே. மாமாவத் தூக்கிட்டு வந்துடறேன்."

"எம் பொண்டாட்டிக்கு எவன்டா அரை மணி நேரம் குடுத்தான்?"

பள்ளத்துப் பக்கமாக ஒரு எட்டு வைத்தேன். பின்னாலிருந்து மண்வெட்டிக் காம்பால் யாரோ முதுகில் ஒன்று வைத்தார்கள். மூச்சடைத்தது. ஏறினேன்.

சரிவில் வண்டியை ஏற்றி ரோட்டு விளிம்புக்குக் கொண்டுபோனேன். மேட்டில் பள்ளத்து ஆட்கள் முந்திக்கொண்டு வந்து குறுக்கே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கையிலும் கடப்பாரைதான். முன் வரிசையில் அக்கா, விறகுக்கட்டையோடு. வண்டி ஓட்டுவது யார் என்று பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"நீயாடா வந்த? உன் கையாலயா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கணம் செத்துப்போயிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வண்டியை அணைத்தேன். மூன்று நாளாக மறைத்து வைத்திருந்ததை, இரண்டு பக்கமும் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"வெட்ட வேணாம்! ரோட்டுக்கு அடியில குழாய் இருக்கு. அதத் திறந்தா தண்ணி மெதுவா வடிஞ்சிடும். யாரும் சாக மாட்டாங்க!"

"எங்கடா இருக்கு? நாங்க பாக்காத குழாயா?" என்றார் தையல்காரர்.

"நம்ம பக்கத்து வாய மூடிட்டாங்க. நான்தான் மூடினேன்."

ரோடு போட்டபோது மண் தள்ளியது நான். கடைசி நாளில் காண்ட்ராக்டரின் மேஸ்திரி வந்து, 'அந்த வாய்ல கல்ல ரொப்பி மண்ணத் தள்ளு' என்றார். ஏன் என்று கேட்கவில்லை. சாப்பாட்டு நேரம் வேறு. பத்து பக்கெட் மண்ணில் வேலை முடிந்தது. கேட்டிருக்க வேண்டும். கேட்டால் அடுத்த வேலைக்குக் கூப்பிடமாட்டார்களே என்று வாயைப் பொத்திக்கொண்டிருந்த நாய் நான்.

தையல்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வண்டிமேல் ஏறி, கையிலிருந்த இரும்புக் கம்பியை ஓங்கி என் இடது மணிக்கட்டில் இறக்கினார். எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. "மூணு நாளுடா... வாயில என்ன வச்சிருந்த?" என்று இன்னொன்று போட்டார், தோளில். அவர் அழுதுகொண்டே அடித்தார். மூன்றாவதை அக்கா தடுப்பாள் என்று ஒரு நப்பாசை. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"தோண்டு," என்றார் தையல்காரர், கம்பியை இறக்காமல்.

ஒற்றைக் கையால் லிவரை மாற்றி மாற்றிப் பிடித்துத் தோண்டினேன். ஒவ்வொரு இழுப்புக்கும் கண் இருட்டியது. தண்ணீருக்கு அடியில் கல் கல்லாக வந்தது. கடைசிக் கல்லைப் பிடுங்கியதும் மேலே ஒரு சுழி விழுந்தது. செருப்பு, ரொட்டி உறை, யாருடைய பள்ளிக்கூடப் பையோ, எல்லாம் சுற்றிக்கொண்டு உள்ளே போயின. எங்கள் ஆட்கள் சந்தோஷத்தில் ஊளையிட்டார்கள்.

"தண்ணிய விட்டுட்டான்டா!" என்று பள்ளத்து ஆட்கள் கல்லெறிய ஆரம்பித்தார்கள். முதல் கல்லில் கண்ணாடி போனது, இரண்டாவதில் என் புருவம் கிழிந்தது. பிறகு இரண்டு கூட்டமும் நடு ரோட்டில் மோதிக்கொண்டன. தையல்காரர் ஒருவன் விலாவில் குத்தினார். அவரை இரண்டு பேர் கீழே தள்ளி மிதித்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் தலைமயிரைக் கையில் சுற்றி முகத்தைத் தாரோடு தாராகத் தேய்த்தாள். தண்ணீரில் மூழ்கிச் சாகாதவர்கள் ஒருவரை ஒருவர் அடித்தே செத்துவிடுவார்கள் போலிருந்தது.

அக்கா மட்டும் சண்டைக்குள் போகவில்லை. ரோட்டோரத்தில் நின்று கீழே, தன் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த குழாயின் மறுவாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். அந்த வாயை நான் மூடவில்லை, இரண்டு வருஷமாகத் திறந்துதான் கிடக்கிறது. இந்தப் பக்கம் சுழி வண்டிச் சக்கரம் அளவுக்குப் பெருத்துவிட்டது. அந்தப் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

பிறகு மணல் வந்தது. ஈர மணல், கொத்துக் கொத்தாக.

மேஸ்திரி ஏன் மூடச் சொன்னார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு பக்கமிருந்தும் குழாயைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள், நடுவில் போதவில்லை. போதாத இடத்தை வெறும் மணலால் நிரப்பி மேலே தார் ஊற்றிவிட்டார்கள். இவ்வளவு தண்ணீரையும் நான் ரோட்டின் வயிற்றுக்குள்ளேயே விட்டிருக்கிறேன்.

"ரோடு போகப் போகுது! இறங்குங்க! ஓடுங்க!"

எவன் கேட்டான்? ஹாரனை அழுத்தினேன். அதற்கும் ஒரு கல் வந்தது. ரோட்டின் நடுவில் இருந்த வெள்ளைக் கோடு ஓரிடத்தில் தொய்ந்தது. அதன்மேல் நின்றுதான் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா! இங்க வா! வண்டிகிட்ட வந்துடு!"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டக்கூட இல்லை. விறகுக்கட்டையைப் போட்டுவிட்டு, புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, சரிவில் உட்கார்ந்தபடியே வீட்டுப் பக்கம் சறுக்கினாள்.

குதித்தேன். உடைந்த கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்குள் முட்டி மோதி ஓடினேன். காலுக்கடியில் தார் மெத்து மெத்தென்று அமுங்கியது. சரிவின் விளிம்புக்கு வந்தபோது கீழே அக்கா குனிந்து, கட்டிலின் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னுக்கு நடந்து இழுத்துக்கொண்டிருந்தாள். கட்டிலின் முன்னங்கால்கள் இரண்டும் வாசலைத் தாண்டிவிட்டன. மாமா ஒரு கையால் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவள் விரல்களைச் சட்டத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.